திருச்சியா, சென்னையா? துபாய் டிக்கெட் கணக்கு

கேள்வி: எங்களுக்குப் புதுக்கோட்டை. வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் மே மாத லீவுக்குப் போகப்போகிறோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இத்தனை விமானம் போகும்போது, துபாய் டிக்கெட் மட்டும் ஏன் விலை ஏறியே இருக்கிறது? சென்னையில் போய் ஏறினால் போக வர ஆளுக்கு நாலாயிரம் மிச்சம் என்கிறார் டிராவல்ஸ்காரர். எங்கே வாங்கலாம்?

பதில்: திருச்சியில் புது டெர்மினல் கட்டியாயிற்று, இனி துபாய் நிறுவனமான எமிரேட்ஸ் வந்துவிடும் என்று நம்பிய பலரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். டெர்மினல் பெரியதுதான். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, ஆண்டுக்கு 44 லட்சம் பேரைக் கையாளும் அளவு; 2024 ஜனவரி 2 அன்று திறந்து, ஜூன் 11 முதல் விமானங்கள் அங்கே மாறின. ஆனால் வெளிநாட்டு விமானம் வருவதும் வராததும் கட்டடத்தைப் பொறுத்ததில்லை. இரண்டு நாட்டு அரசுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

சிங்கப்பூர், மலேசியா மாதிரி தென்கிழக்காசிய நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பு ஆசியான். அந்த ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம் என்று இந்தியா 18 சுற்றுலா ஊர்களைத் திறந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் திருச்சி. ஸ்கூட், ஏர் ஏசியா, பாட்டிக் ஏர், வியட்ஜெட் எல்லாம் இங்கே வந்து இறங்கியதற்கு அந்தக் கதவு ஒரு முக்கியக் காரணம். துபாய் ஒப்பந்தம் வேறு மாதிரி. ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66 ஆயிரம் இருக்கை என்று கணக்கு வைத்து, துபாய் நிறுவனங்கள் எந்தெந்த ஊருக்கு வரலாம் என்றும் பெயர் குறித்திருக்கிறார்கள். அதில் திருச்சி இல்லை. ஆகவே இங்கிருந்து நேராக துபாய் போக ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மாதிரி நம் நாட்டு நிறுவனத்தைத்தான் நம்ப வேண்டும். கடைத்தெருவில் ஒரே ஒரு பூக்கடை இருந்தால் முகூர்த்த நாளில் மல்லிகை என்ன விலை விற்கும்? மே மாதம் வளைகுடா வீடுகளுக்கு முகூர்த்த மாதம்.

இத்தனைக்கும் இது புதிதாக முளைத்த விமான நிலையம் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய ஓடுதளம். ஏர் சிலோன் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து இலங்கை விமானம் வந்துபோன இடம். அந்த யாழ்ப்பாணத் தொடர்பை 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ மறுபடி தொடங்கியது. சர்வதேச விமான நிலையம் என்ற பட்டம்தான் தாமதமாக, 2012 அக்டோபரில் வந்தது. உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் என்பது இங்கே உள்ள விசேஷம்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். மூன்று பேருக்குப் பன்னிரண்டாயிரம் மிச்சம் என்று வையுங்கள். சென்னைக்குப் பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டிகளோடு டாக்சி பிடித்து மீனம்பாக்கம் வர வேண்டும். பேருந்து ஆளுக்கு எழுநூறு என்று வைத்தாலும் போக வர 4,200. டாக்சி, சாப்பாடு, காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் கேட்பது எல்லாம் சேர்த்தால் உத்தேசமாக ஏழாயிரம் போய்விடும். கையில் நிற்பது ஐந்தாயிரம். தனி ஆளாக இருந்தால் நானே சென்னைக்குப் போவேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க அலைய அந்த ஐந்தாயிரம் போதாது. திருச்சி விமான நிலையம் உங்கள் ஊர் ரோட்டிலேயே இருக்கிறது, வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்.

முடிவு செய்யும் முன் டிராவல்ஸ்காரர் காட்டும் திரையில் லக்கேஜ் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'லைட்' என்று இருந்தால் செக்-இன் பெட்டிக்கு இடம் கிடையாது. கையில் கொண்டுபோகும் பை மட்டும்தான். ஊறுகாயும் அரிசி வடகமும் கைப்பையோடு அடங்குமா? பெட்டிக் காசையும் சேர்த்துத்தான் இரண்டு ஊர் விலையையும் ஒப்பிட வேண்டும். திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனிலும் துபாய் போகலாம். நேரம் கூடும், சில தேதிகளில் விலை குறையும். ஆனால் இரண்டு விமானத்தையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில், அதாவது ஒரே முன்பதிவாக வாங்குங்கள். தனித்தனி டிக்கெட்டாக வாங்கி முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் தராது.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து திருச்சி வரும்போது ஒரு சின்ன பார்சல் கொண்டுவந்தால் டிக்கெட் இலவசம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போகலாமா?

பதில்: வேண்டாம். பிறர் பொருளைக் கடத்திக் கொண்டுவரும் ஆளைக் குறிக்கும் 'குருவி' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களைத்தான் குருவியாக்கப் பார்க்கிறார்கள். கஸ்டம்ஸ் பிடித்தால் பார்சல் கொடுத்தவர் வாசலில்கூட நிற்க மாட்டார்.

கேள்வி: திருச்சி–சென்னை டிக்கெட்டை ரத்து செய்தேன். 'நான்-ரீஃபண்டபிள், ஒரு பைசா வராது' என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

பதில்: முழு உண்மை இல்லை. ரத்துக் கட்டணமாக அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை வரைக்கும்தான் பிடிக்கலாம் என்பது விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. வரிகளையும், விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் எந்த மலிவு டிக்கெட்டிலும் திருப்பித் தர வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். டிக்கெட்டில் தொகை பிரித்துப் போட்டிருக்கும். அந்த வரிகளைக் கூட்டி, வந்த தொகையைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராவிட்டால் விமானப் பயணப் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. சில நூறு ரூபாய்க்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் மின்னஞ்சலோடு முடிந்துவிடும்.

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து வந்த பெட்டியின் சக்கரம் உடைந்திருந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். இனி கேட்க முடியுமா?

பதில்: பெட்டி கைக்கு வந்து 7 நாள் ஆகவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை தரும் கெடு அது. பெட்டி தாமதமாக வந்திருந்தால் 21 நாள். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. பெல்ட்டிலிருந்து இழுக்கும்போதே பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, வெளியே கார் நிற்கிறது என்று ஓடிவந்துவிட்டேன். பிறகு ஒரு மாதம் மின்னஞ்சல் சண்டை. பெல்ட்டுக்குப் பக்கத்துக் கவுண்டரிலேயே பி.ஐ.ஆர். என்ற புகார்ச் சீட்டை எழுதி வாங்கியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. உங்களிடம் அது இல்லாததால் உடைந்த சக்கரம், பெட்டியில் ஒட்டிய டேக், போர்டிங் பாஸ் மூன்றும் தெரிகிற மாதிரி இன்றே போட்டோ எடுத்து அனுப்புங்கள். டேக்கைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.