வேர் மண்ணைத் துளைத்துக்கொண்டே போகிறதே, அதன் நுனி தேய்ந்து போகாதா?

தேயும், தினமும் தேயும். ஆனால் தேய்வது நுனியைப் போர்த்தியிருக்கும் வேர்மூடிதான். அதைச் செடி உள்ளிருந்து ஓயாமல் புதுப்பித்துக்கொள்கிறது.

நான் மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்றங்காலில் வேலை செய்கிறேன். கன்றின் பாலிபேக்கைக் கிழித்துப் புது வேர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் நுனி வெளிறி, லேசாக வழவழவென்று இருக்கும். வேர்மூடி சுரக்கும் பசை அது. மண் உரச உரச மூடியின் வெளிச் செல்கள் உதிரும். பசையும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து வேருக்கு வழியை வழுக்கலாக்கும். மக்காச்சோளத்தில் ஒரே ஒரு வேர் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான செல்களை இப்படி உதிர்க்கிறது.

புதுச் செல்கள் வருவது மூடிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் ஆக்குத்திசுவிலிருந்து, அதாவது செல்கள் பிரிந்து பெருகும் பகுதியிலிருந்து. முன்பக்கம் பிறப்பவை மூடிக்குப் போகும், பின்பக்கம் பிறப்பவை வேரின் உடலாகும். அந்தப் பின்பக்கச் செல்கள் நீர் ஏற்றி நீளும்போதுதான் நுனி முன்னே தள்ளப்படுகிறது. முளைவிட்ட பச்சைப்பயறின் வேரில் நுனியிலிருந்து சிறு சிறு இடைவெளியில் மைப்புள்ளி வையுங்கள். மறுநாள் நுனியை ஒட்டிய புள்ளிகள் மட்டும் விலகியிருக்கும். மேலே உள்ளவை வைத்த இடத்திலேயே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஆக்குத்திசுவின் நடுவே பிரிவதற்கு அவசரமே படாத ஒரு கொத்துச் செல்கள் உண்டு, பெயர் அமைதி மையம். 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் கிளவ்ஸ் என்ற தாவரவியலாளர் கண்டறிந்தது. மக்காச்சோளத்தில் மூடிக்கான தாய்ச் செல்கள் சுமார் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிய, இவை ஒருமுறை பிரிய ஒரு வாரம் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் மூடியை அப்படியே கழற்றிவிட்டால் இவை வேகமாகப் பிரியத் தொடங்கி, சில நாளில் புது மூடியை உருவாக்கிவிடும். மூடி போனதும் கொஞ்ச காலத்துக்கு வேருக்குக் கீழ் எது, மேல் எது என்று தெரியாது. புவியீர்ப்பை உணரும் மாவுமணிகள் அந்த மூடிக்குள்தான் இருக்கின்றன.

அமைதி மையத்தோடு சேர்த்து ஆழமாக அறுந்துவிட்டால்? பெரும்பாலும் அந்த வேரின் நீட்சி அத்தோடு நின்றுவிடும். பின்னாலிருந்து கிளைவேர்கள் கிளம்பும். செம்பனைக்கு அடித்தண்டிலிருந்தும் புது வேர் வரும். ஆனாலும் அவை பிடிக்கும்வரை கன்று வாடும். அதனால்தான் நடுவதற்கு முன் பையில் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள், மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.