கரண்ட் வைத்தால் முட்டிவலி போகுமா?

இந்த இதழ் முழுக்க ஃபிசியோதெரபி கேள்விகள்தான். "இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா, ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா" என்று நேரடியாகக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு 58 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். பக்கத்துத் தெரு ஃபிசியோ சென்டரில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், அப்புறம் ஜெல் தடவி ஒரு மெஷினால் தேய்த்தார்கள். அன்று சாயங்காலம் வரை சுகமாக இருக்கிறது. மறுநாள் மாடிப்படி ஏறினால் பழைய வலிதான். இன்னும் பத்து நாள் வரச் சொல்கிறார்கள். போகலாமா?
*திண்டுக்கல் வாசகி*

கரண்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம் அம்மா.

ஜெல் தடவித் தேய்த்தது அல்ட்ராசவுண்ட். நானும் இருபது வருடத்துக்கு மேலாக எத்தனையோ முட்டிகளில் அதைத் தேய்த்திருக்கிறேன். அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். வலியோடு வருபவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரிப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் அதே ஜெல், அதே மெஷின், அதே நிமிடக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு மட்டும் மெஷினிலிருந்து ஒன்றும் வெளியே வராது, அது அவர்களுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால் வெறும் மெஷினிலேயே நிறையப் பேருக்கு வலி குறையும், ஏனென்றால் ஒருவர் அக்கறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், வலியும் தன் போக்கில் ஏறி இறங்கும். அதற்கு மேல் நிஜ மெஷின் எவ்வளவு குறைத்தது என்பதுதான் கணக்கு. முட்டித் தேய்மானத்தில் அந்த மிச்சத்துக்கு நம்பும்படியான ஆதாரம் சேரவில்லை. பிரிட்டனில் எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில், மூட்டுத் தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைக்கும் முறைகளான டென்ஸ், ஐ.எஃப்.டி. எதையும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். உங்களுக்குச் சாயங்காலம் வரை கிடைத்த சுகம் பொய்யில்லை, ஆனால் அதற்கு இன்னொரு பத்து நாள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அதே வழிகாட்டி எல்லோருக்கும் கொடுக்கச் சொல்வது உடற்பயிற்சியைத்தான். "நடந்தால் இன்னும் தேய்ந்துவிடாதா" என்று நீங்களும் இன்னும் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அளவான பயிற்சியால் முட்டி தேயாது; சும்மா உட்கார்ந்தால்தான் தொடைத் தசை வற்றி, முட்டி தாங்க ஆளில்லாமல் நிற்கும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 139 சோதனைகளை, 12,000 பேருக்கு மேற்பட்டவர்களின் கணக்கை, 2024இல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது பயிற்சியால் வலி குறைகிறது, ஆனால் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அளவுக்குப் பெரிதாக இல்லை என்றுதான் வந்தது. "மொத்தமாக வலி போய்விடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் என்னிடம் கேட்டால் பயிற்சிதான். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரைப் பிரித்து ஒரு பாதிக்கு முட்டியில் ஸ்டீராய்டு ஊசியும் மறுபாதிக்கு ஃபிசியோதெரபியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து ஃபிசியோதெரபி பக்கம்தான் வலியும் சிரமமும் குறைவு, 2020இல் வந்த முடிவு அது.

இன்றைக்கே தொடங்க ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கை வைத்த மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நுனியில் உட்கார்ந்து, பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனதுக்குள் நான்கு எண்ணி இறங்குங்கள், உங்கள் மாடிப்படிக்கு வேண்டிய பலம் அந்த இறக்கத்தில்தான் வருகிறது. எட்டு முறை, கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு எட்டு. மறுநாள் வலி லேசாகக் கூடினால் பயப்படாதீர்கள். இரண்டு நாள் தாண்டியும் குறையாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

சரக்கு வேன் ஓட்டுகிறேன், 34 வயது. இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்பின் கீழ்ப்பக்கம் எல் 4 – எல் 5 எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். மூன்று வாரம் படுக்கச் சொல்லி, எடை கட்டி இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷனும் போடச் சொல்கிறார்கள். படுத்தால் வேன் தவணை யார் கட்டுவது?
*நாமக்கல் வாசகர்*

தம்பி, முதலில் ஒன்று. சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டாலோ இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

அந்த எம்.ஆர்.ஐ. தாளைப் பார்த்து நீங்கள் மிரண்டுபோயிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலி இல்லாத முப்பது வயதுக்காரர்களிலேயே 40 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, எண்பது வயதில் 84 சதவீதம். தலைமுடி நரைப்பது மாதிரிதான் அதில் பாதி. உங்கள் வலி நிஜம், ஆனால் படத்தில் இருக்கும் பிதுக்கம்தான் அதற்குக் காரணம் என்று படத்தை மட்டும் வைத்து யாரும் சொல்லிவிட முடியாது.

படுக்கை விஷயத்தில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1997இல் என் அப்பாவை இதே மாதிரி வலிக்கு ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். இடுப்பில் பெல்ட் கட்டி, கால்மாட்டில் கப்பி வழியாக எடையைத் தொங்கவிட்டு, திரும்பிப் படுக்கவும் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்கு வந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, தொடை என் கைப்பிடிக்குள் அடங்கிவிடும்போல இளைத்திருந்தது, வாசற்படி இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அப்போது மாணவன். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 186 பேரை வைத்து, இரண்டு நாள் படுக்கை ஒரு கூட்டத்துக்கு, முதுகுப் பயிற்சி ஒரு கூட்டத்துக்கு, "முடிந்தவரை வழக்கமான வேலையைப் பாருங்கள்" என்பது மட்டும் இன்னொரு கூட்டத்துக்கு என்று சோதித்து, வழக்கம்போல் நடமாடியவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள், படுத்தவர்கள்தான் மெதுவாகத் தேறினார்கள் என்ற முடிவு 1995லேயே அச்சில் வந்துவிட்டது. இரண்டு வருடம். அந்தத் தாள் எங்கள் ஊருக்கு வந்துசேரவில்லை. அதனால்தான் இந்தப் பத்தியை எழுத ஒப்புக்கொண்டேன்.

டிராக்‌ஷன் கதையும் அதுதான். நிஜ இழுவையையும் பெயருக்குக் கட்டிய லேசான இழுவையையும் ஒப்பிட்டவை உட்பட 32 சோதனைகளை 2013இல் காக்ரேன் குழு தொகுத்தது; இடுப்பு வலிக்கு அதனால் சொல்லும்படி பலன் இல்லை. கால் வரை வலி இறங்குபவர்களுக்கும் அதே முடிவுதான்.

அப்போ என்ன செய்வது? வலி உச்சத்தில் இருக்கும் ஒன்றிரண்டு நாள் லோடு ஏற்றி இறக்குவதை மட்டும் நிறுத்துங்கள், நடமாட்டத்தை நிறுத்தாதீர்கள். வேனில் மணிக்கணக்கில் உட்காராமல் டீக்கு நிறுத்தும்போது ஐந்து நிமிடம் நடங்கள். வலி குறைந்ததும் மறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, ஏனென்றால் இது திரும்பி வரும் வலி. ஆஸ்திரேலியாவில் வலி குறைந்து தேறிய 701 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நடைவரை பழக்கினார்கள், இடையிடையே ஃபிசியோதெரபிஸ்ட் வழிகாட்டினார். 2024இல் வந்த முடிவு: நடக்காதவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் வலி திரும்பியது, நடந்தவர்களுக்கு 208 நாளில். செருப்பைத் தவிர வேறு செலவில்லை.

சர்க்கரை நோயாளி, 52 வயது. தோள்பட்டை இறுகிப்போய் சட்டை மாட்டக்கூட முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து முறுக்கி விடலாம், இல்லை ஆபரேஷன் என்கிறார்கள்.
*கோவை வாசகர்*

அவசரப்படாதீர்கள் ஐயா. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரிடம் இந்தக் கேள்வியையே சோதித்தார்கள்: மயக்க மருந்தில் முறுக்குவது, கேமரா ஆபரேஷன், ஸ்டீராய்டு ஊசியோடு ஃபிசியோதெரபி. 2020இல் வந்த முடிவுப்படி ஒரு வருட முடிவில் மூன்றுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை, ஆபரேஷனில்தான் ஆபத்து கொஞ்சம் கூடுதல். முதலில் ஊசியும் பயிற்சியும். ஸ்டீராய்டு போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், ஆறவும் தாமதமாகும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நான்கு மாதம். இடது கை விரல்கள் லேசாக அசைகின்றன. தினமும் நானே எண்ணெய் தேய்த்துக் கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். ஆறு மாதம் தாண்டினால் இனி வரவே வராது என்று பயமுறுத்துகிறார்கள்.
*மன்னார்குடி வாசகி*

வரவே வராது என்பது சரியில்லை. முதல் சில மாதங்களில் வேகம் அதிகம், அப்புறம் வேகம் குறையும், ஆனால் கதவு சாத்தப்படுவதில்லை. அமெரிக்காவில் ஸ்ட்ரோக் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரில் ஒரு பாதிக்கு, நல்ல கையில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறை மாட்டிவிட்டு, முடியாத கையாலேயே இரண்டு வாரம் வேலை செய்யப் பழக்கினார்கள். 2006இல் வெளியான முடிவில் அவர்கள் கை தெளிவாக முன்னேறியிருந்தது, அந்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நின்றது. காத்திருந்த மறுபாதிக்கு ஒரு வருடம் தள்ளி அதே பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் பலன் இருந்தது, சீக்கிரம் தொடங்கியவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக. ஒரு நிபந்தனை: மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தானாக நிமிர வேண்டும். உங்கள் அப்பாவுக்கு விரல் அசைகிறது என்கிறீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் எண்ணெய் தேய்த்துத் தூக்குவது அன்புதான், மூட்டு இறுகாமலும் அது காக்கும். ஆனால் வேலை செய்வது உங்கள் கை, அப்பாவின் மூளை இல்லை. அவர் முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரை வையுங்கள், பாதி தண்ணீர். இடது கையால் பிடிக்க அவரே முயற்சி செய்யட்டும், சிந்தினால் சிந்தட்டும், முப்பது நாற்பது முறை. துண்டை மடிக்கட்டும், தட்டிலிருந்து புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போடட்டும். படுக்கையிலிருந்து தூக்கும்போது மட்டும் இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் வலி வந்தால் எல்லாப் பயிற்சியும் நின்றுவிடும்.

குடும்பத்தார் மட்டும் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நம் நாட்டிலேயே விடை தேடினார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று நடத்திய அட்டெண்ட் ஆய்வில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். வீட்டாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிய பக்கமும் வழக்கமான சிகிச்சைப் பக்கமும் ஆறு மாதம் கழித்து ஒரே நிலையில்தான் இருந்தன, 47 சதவீதம் பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ. 2017இல் அதைப் படித்தபோது எனக்கு மனசு விட்டுப்போனது, ஏனென்றால் அது ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். அதனால் பாரம் முழுவதையும் நீங்களே சுமக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஃபிசியோதெரபிஸ்ட் வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஃபிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆராய்ச்சிகளை இலவசமாக எங்கே தேடுவது? எதை நம்புவது?
*மதுரை மாணவி*

பெட்ரோ. 1999இல் சிட்னியில் தொடங்கிய தரவுத்தளம், இலவசம். ஃபிசியோதெரபி ஆய்வுகளை மட்டும் திரட்டி, அதில் சோதனை ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். அதன் தளத்தில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்களா, அளந்தவருக்கு யார் எந்தப் பக்கம் என்பது தெரியாமல் இருந்ததா, 85 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் கடைசி வரை இருந்தார்களா, இப்படிப் போகும் மதிப்பீடு. பயிற்சி ஆய்வுகளில் எட்டு வந்தாலே உச்சம்தான் அம்மா, பயிற்சி கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் அதை மறைக்க வழியில்லை. அப்புறம், மதிப்பெண் அதிகம் என்றால் சிகிச்சை நல்லது என்று அர்த்தமில்லை, சோதித்த விதம் நேர்மை என்றுதான் அர்த்தம். பலன் எவ்வளவு என்பதைத் தனியாகப் பார்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முறை கால் தடுக்கி விழுந்துவிட்டார். இப்போது நடக்கவே விடுவதில்லை, எல்லாம் கட்டிலுக்கே போய்விடுகிறது. சரிதானே?
*விருதுநகர் வாசகர்*

சரியில்லை. நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், ஆனால் அடுத்த விழுகைக்கு அதுதான் வழி. 108 சோதனைகள், 23,407 முதியவர்கள், 2019இல் தொகுத்த கணக்கு: பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்தது. சமநிலைப் பயிற்சிக்குத்தான் ஆதாரம் மிக வலுவானது. அம்மா சாப்பிடும் பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரையை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் காலையில் பால் காய்ச்சும் நேரத்தில் சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கட்டும், ஒரு காலை ஒரு அங்குலம் தூக்கிப் பத்து எண்ணட்டும், அடுத்து மறுகால். நீங்கள் பின்னால் நில்லுங்கள், பிடிக்காமல். இரண்டு வாரம் கழித்து ஒரு கையை மேடையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.