விபத்து வழக்கில் பெருக்கெண்: 9.5 அல்ல, 12

எதிர்கால வருமான இழப்பீட்டை எத்தனை ஆண்டுகளுக்குப் பெருக்கிக் கணக்கிடுவது என்பதைக் காட்டும் பெருக்கெண் 12 என்பதே சரி. வாதுரையில் நீங்கள் 9.5 என்று எழுதியதை உங்கள் மூத்த வழக்கறிஞர் அடித்துத் திருத்தியது நியாயம்தான். 2022இல் விபத்து நேர்ந்தபோது உங்கள் கட்சிக்காரருக்கு 36 வயது என்கிறீர்கள். மலேசியாவின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, 31 முதல் 59 வயது வரையிலானவர்களுக்கு 60இலிருந்து வயதைக் கழித்து, மீதியை இரண்டால் வகுக்க வேண்டும்: (60 − 36) ÷ 2 = 12.

பழைய வாதுரை ஒன்றைப் பார்த்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் 1.9.2019க்கு முன்பு அந்த 60இன் இடத்தில் 55 இருந்தது. மாத இழப்பு 1,500 ரிங்கிட் என்று வைத்தாலும் வேறுபாடு 45,000 ரிங்கிட் (1,500 × 12 மாதங்கள் × 2.5). பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. இந்த ஒரு தவற்றுக்காக இத்துறையே உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்துக்காக நீங்கள் கவலைப்படுவதே இவ்வேலைக்கு முதல் தகுதி.

தாக்கல் செய்வதற்கு முன், அடையாள அட்டை எண்ணில் பிறந்த தேதியைக் காட்டும் முதல் ஆறு இலக்கங்களையும் போலீஸ் புகாரில் உள்ள விபத்துத் தேதியையும் அருகருகே வைத்து வயதைக் கணக்கிடுங்கள். காயமுற்ற நாளின் வயதே கணக்கு, விசாரணை நாளின் வயதன்று. சம்பளச் சீட்டும் அந்தக் காலத்துடையதாக இருக்கட்டும். பிற்காலச் சம்பள உயர்வை நீதிமன்றம் சேர்த்துக்கொள்ளாது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இந்த வகுத்தல் எல்லா வயதுக்கும் பொருந்தாது. 30 அல்லது அதற்குக் குறைந்த வயதினருக்குப் பெருக்கெண் 16; 60 நிறைந்தவருக்கு எதிர்கால வருமான இழப்பீடே கிடையாது.