டேங்க் ஒன்று, கொல்லை பத்து

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பத்துப் பேர் எலுமிச்சைப்புல் போட்டிருக்கிறோம். தைலம் காய்ச்சப் பொதுவில் ஒரு டேங்க் வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. சண்டை வராமல் நடக்குமா?
– வாசகி, அஞ்செட்டி

பதில்: சண்டை வரும்மா. நான் வாக்கப்பட்டு வந்த வீட்டில் புல் தைல அடுப்பு இருந்தது. அதை வைத்துச் சொல்கிறேன்.

குழு நடத்த உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989ல் தொடங்கியதே உங்கள் அஞ்செட்டியும் அப்போது சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தில்தான். ஆனால் சந்தாவும் கடனும் பணக் கணக்கு. புல்லில் தகராறு வருவது யார் எப்போது காய்ச்சுவது என்ற முறையில். அறுத்த புல்லைக் குவித்துப் போட்டால் சூடேறிப் புளித்துவிடும். அதனால் டேங்க் எப்போது காலி என்று பார்த்துத்தான் அரிவாளை எடுக்க வேண்டும். நடுவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தன் முறையை விட்டுக்கொடுக்க ஒருத்தி வேண்டும். யார் யாருக்கு முறை விட்டார்கள், எத்தனை ஆள் அறுக்கப் போனார்கள் என்று மொய் நோட்டு மாதிரி எழுதி வையுங்கள். மனசில் இருக்கிறது என்று சொல்பவளை நம்பாதீர்கள்!

நூறு கிலோ பச்சைப் புல்லுக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரைதான் தைலம். டேங்கில் புல் வெந்து வரும் ஆவி குளிர்ந்து, குழாயில் தண்ணீரும் தைலமும் கலந்து சொட்டும். பாத்திரத்தில் தைலம் மேலே மஞ்சளாக மிதக்கும். அதைப் பிரிக்கும்போது புல்லுக்காரி பக்கத்தில் இருக்கட்டும். பொதுக் கேனில் ஊற்றும் முன் ஒவ்வொருவர் தைலத்திலும் ஒரு சின்னக் குப்பி எடுத்துப் பேர் ஒட்டி, வெயில் படாமல் வையுங்கள். வியாபாரி கேனைத்தான் வாங்குவார். தைலத்துக்கு எலுமிச்சை வாசனை தரும் சிட்ரால் என்ற பொருளின் அளவு பார்த்துத்தான் விலை வைப்பார். ஒருத்தி வேறு எண்ணெய் கலந்தால் பத்துப் பேர் விலையும் இறங்கும். குப்பி இருந்தால் யார் என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் ஆளுக்கொரு பேரைச் சொல்வீர்கள்.

காய்ச்சிய சக்கையைக் காயவைத்தால் அடுத்த ஈட்டுக்கு எரிக்கலாம். அது பொதுக் குவியலுக்குப் போகட்டும்.

அப்புறம், அடுப்புக்குத் தீ தள்ளுவது யார்? பெரும்பாலும் நிலம் இல்லாத ஒரு பெண்ணாகத்தான் இருப்பார். தீ குறைந்தால் தைலமும் குறையும், ஆனால் கூட்டத்தில் அவருக்குப் பேச்சே இருக்காது. அவரைக் கூலிக்கு மட்டும் வைக்காமல் பதினோராவது உறுப்பினராகச் சேருங்கள். சந்தா கட்ட முடியாவிட்டால் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். டேங்குக்குக் கடன் கேட்கும் தீர்மானத்திலேயே அவர் பேரும் இருக்கட்டும்.