மியூனிக்கிலிருந்து வெனிஸுக்குக் காரில்: எல்லையில் யாரும் பர்மிட் கேட்பதில்லை

கேள்வி: நானும் கணவரும், 7, 11 வயதுப் பிள்ளைகளும் ஜூன் மாதம் ஆறு நாள் பயணமாக மியூனிக்கில் வாடகைக் கார் எடுத்து, ஆஸ்திரியா மலைகள் வழியாக வெனிஸ் போக ஆசைப்படுகிறோம். விசா வந்துவிட்டது. திரும்பும் விமான டிக்கெட் இன்னும் போடவில்லை. இந்திய லைசென்ஸ் செல்லாது, ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ மூன்றே நாளில் எடுத்துத் தருகிறேன் என்கிறார் எங்கள் டிராவல்ஸ்காரர். அதோடு ‘பார்டர் பர்மிட்’, டோல் ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? மலைப்பாதை ஆபத்தானதா? – ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்றில் ஒன்று உலகத்திலேயே இல்லை. இன்னொன்றை அவரால் வாங்கவே முடியாது. மூன்றாவதை உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகம் 1,000 ரூபாய்க்குத் தருகிறது.

முதலில் பார்டர் பர்மிட். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி மூன்றும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகள். சுற்றுலாப் பயணி காரில் எல்லையைத் தாண்டுவதற்கு எந்த அரசும் பர்மிட் தருவதில்லை, கேட்பதும் இல்லை. நீங்கள் அனுமதி வாங்க வேண்டியது கார் கம்பெனியிடம்தான். முன்பதிவு செய்யும்போதே ‘ஆஸ்திரியா, இத்தாலி போகிறோம்’ என்று சொல்லி, வாடகை ஒப்பந்தத்தில் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் போய் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். இதற்குத் தனிக் கட்டணம் இருந்தாலும் காரை எடுக்கும் கவுன்டரில்தான் கட்டுவீர்கள், ஈரோட்டில் அல்ல.

அடுத்தது லைசென்ஸ். உங்களுக்கு வேண்டியது ஐ.டி.பி. எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. புகைப்படமும் முத்திரையும் உள்ள சின்னப் புத்தகம் அது, ஓராண்டு செல்லும். அரசின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, லைசென்ஸ், பாஸ்போர்ட்டோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போய் வாங்க வேண்டும். ஆன்லைனில் மூன்று நாளில் வருகிறது என்று விற்கப்படும் ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ பெரும்பாலும் ஏதோ ஒரு தனியார் அச்சடித்துக் கொடுக்கும் மொழிபெயர்ப்பு அட்டை. பளபளவென்று, அசல் புத்தகத்தைவிட அழகாகவே இருக்கும். ஆனால் அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. ஆஸ்திரியாவிலோ இத்தாலியிலோ போலீஸ் நிறுத்தினால், லைசென்ஸ் சரியில்லாமல் ஓட்டியவராகத்தான் உங்களை நடத்துவார்கள். எனக்குக் கோபம் டிராவல்ஸ்காரர் மேல் மட்டுமில்லை. ஆயிரம் ரூபாய்க் காகிதத்தை வாங்கப் போகிறவரை ஆர்.டி.ஓ. வாசலிலேயே நாலு புரோக்கர்கள் சூழ்கிறார்கள். உள்ளே எந்த ஜன்னல், எந்த நாள் என்று எழுதிப்போட ஒரு பலகைகூட இருப்பதில்லை. படித்தவர்களே புரோக்கரிடம் போவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, இந்த அலைக்கழிப்பு. இருந்தாலும் ஒரு காலை நேரத்தை ஒதுக்கி நேரில் போய்விடுங்கள். பயணத்தின்போது ஐ.டி.பி.யோடு அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். ஒன்றில்லாமல் இன்னொன்று செல்லாது.

மூன்றாவது டோல் ஸ்டிக்கர். ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளில் ஓட்ட ‘விக்னெட்’ என்ற கட்டண வில்லை வேண்டும். 10 நாள் வில்லை சுமார் 13 யூரோதான். காரின் நம்பர் பிளேட்டோடு இணைக்கப்படும் டிஜிட்டல் வில்லையாக அதை வாங்கலாம். உங்களுக்கு எந்தக் கார் வரும் என்பதே மியூனிக் கவுன்டரில் சாவி கைக்கு வரும்போதுதான் தெரியும். நம்பரே தெரியாத காருக்கு உங்கள் டிராவல்ஸ்காரர் எப்படி வில்லை வாங்குவார்? இணையத்திலும் இதே கதைதான். தேடினால் முதலில் வந்து நிற்பவை இடைத்தரகர் தளங்கள், அசல் விலைக்கு மேல் ‘சேவைக் கட்டணம்’ வைப்பவை. ஆஸ்திரியாவில் இதை நடத்தும் அரசு நிறுவனத்தின் பெயர் ஆஸ்ஃபினாக். அந்தப் பெயர் இல்லாத தளத்தில் கார்டு நம்பரைப் போடாதீர்கள்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நான் சொல்லும் பாதையில் போகும்போது விக்னெட்டே தேவையில்லை. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பலர் கோட்டைவிடும் இடம் இது. மியூனிக்கிலிருந்து வரும் வழியில் பிரியும் ஜெர்மன் சாலை ஏ93, எல்லையைத் தாண்டியதும் ஆஸ்திரியாவின் ஏ12 ஆகிவிடும். முன்பு சட்டப்படி அந்த நிமிடத்திலிருந்தே வில்லை வேண்டியிருந்தது. 13 யூரோவை மிச்சம் பிடிக்க எல்லோரும் எல்லைக்கு முன்பே இறங்கி, குஃப்ஸ்டைன் ஊருக்குள் புகுந்து நெரித்ததால், 2019 டிசம்பரிலிருந்து எல்லை முதல் ‘குஃப்ஸ்டைன்-சூட்’ எக்ஸிட் வரை மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ‘சூட்’ என்றால் தெற்கு. ஊருக்கு வடக்கேயும் ஓர் எக்ஸிட் உண்டு, அங்கே இறங்கினாலும் தப்பில்லை, ஊருக்குள் மாட்டுவீர்கள், அவ்வளவுதான். தெற்கு எக்ஸிட்டைத் தவறவிட்டு அடுத்த எக்ஸிட் வரை போனால்தான் வம்பு. கேமராவில் பதிவானால் 100 யூரோவுக்கு மேல் தண்டம். எனவே எல்லை தாண்டியதும் வலது தடத்தைப் பிடித்துவிடுங்கள். மேப்பில் ‘டோல் வேண்டாம்’ என்று போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அது நாம் போக வேண்டிய மலைச்சாலையையே தவிர்த்துவிடும், ஏனென்றால் அதுவும் டோல் சாலைதான். குஃப்ஸ்டைன்-சூட், கிட்ஸ்பியூல், மிட்டர்ஸில் என்று ஊர் ஊராகப் போட்டு ஓட்டுங்கள்.

அந்த மலைச்சாலைதான் கிராஸ்குளோக்னர். 1935-இல் திறந்தது, 48 கி.மீ. நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் 2,504 மீட்டர் வரை. மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, அதுவும் பகலில் மட்டும் திறந்திருக்கும். கட்டணம் காருக்கு 40 யூரோவுக்கு மேல். கொடுக்கலாம், ஒவ்வொரு சென்ட்டுக்கும் தகும். பிரான்ஸ்-யோசப்ஸ்-ஹோஹே மேட்டில் நின்றால் ஆஸ்திரியாவின் மிக உயரமான சிகரம் நேர் எதிரே, 3,798 மீட்டர். கீழே பாஸ்டர்ஸ பனியாறு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே போகிறது. அது இருக்கும்போதே உங்கள் பிள்ளைகள் பார்த்துவிடட்டும்.

ஆபத்தா என்று கேட்டீர்கள். சாலை அருமையானது, அகலமானது. ஏறுவதில் பயமில்லை, இறங்குவதில்தான் கவனம் வேண்டும். உச்சியிலிருந்து ஹைலிகன்பிளூட் ஊர் வரை 1,200 மீட்டர் இறக்கம். ஊட்டி, கொல்லிமலைக்கு ஓட்டிய பழக்கம் கணவருக்கு இருந்தால் அவருக்கே தெரியும்: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் லீவரை ‘எம்’ நிலைக்கு மாற்றி இரண்டாவது, மூன்றாவது கியரில் வையுங்கள். வழியெல்லாம் பிரேக்கை மிதித்தே வந்தவர்களின் கார்கள் ஓரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், ரப்பர் கருகும் நெடி அடிக்கும். வலப்பக்கம் ஓட்டுவது புதிது என்பதால், வந்து இறங்கிய அன்றே மலையேறாதீர்கள். முதல் இரவு மியூனிக்கில் தூங்குங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் சைல்டு சீட் அல்லது பூஸ்டர் வேண்டும், கார் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

ஹைலிகன்பிளூட்டில் ஓர் இரவு. மறுநாள் லியென்ஸ் வழியாக இத்தாலிக்குள் நுழைவீர்கள். முதல் ஊர்களின் பலகையில் இரண்டு பெயர் இருக்கும்: இன்னிஹன் என்றும் சான் கான்டிடோ என்றும், டோப்லாக் என்றும் டோப்பியாக்கோ என்றும். வழி தவறிவிட்டோமோ என்று பதற வேண்டாம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போன பகுதி அது, வீடுகளில் இன்றும் ஜெர்மன்தான் பேசுகிறார்கள். டோப்லாக்கிலிருந்து கோர்ட்டினா வரை டோலமைட் மலைகள், பிறகு இறக்கம், கீழே பியாவே ஆற்றோரமாக. லோங்கரோனே ஊரைக் கடக்கும்போது காரை ஓரம்கட்டி இடப்பக்க மலைப்பிளவைப் பாருங்கள். உயரமான ஒரு சிமென்ட் சுவர் தெரியும். அது வயோன்ட் அணை. 1963 அக்டோபர் 9 இரவு மலைச்சரிவு அணைநீருக்குள் விழுந்து, தண்ணீர் அணைக்கு மேலாக எழும்பி இந்த ஊரை அழித்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். அணை உடையவில்லை, இன்னும் நிற்கிறது. எத்தனை முறை போனாலும் அங்கே நிற்காமல் என்னால் கடக்க முடிந்ததில்லை.

இத்தாலியில் கவனமாக இருக்க வேண்டியவை இரண்டு. பெட்ரோல் பங்கில் ‘கசோலியோ’ என்று எழுதியிருப்பது டீசல். பேரைப் பார்த்து பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள், பெட்ரோல் ‘பென்ஸீனா’. இரண்டாவது, நகரத்தின் பழைய பகுதிகளில் சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகையோடு ‘சோனா திராஃபிகோ லிமிதாதோ’ என்று இருந்தால் உள்ளே நுழையக்கூடாது. ஒருமுறை சாப்பாட்டுக்கடை தேடி அப்படி ஒரு தெருவுக்குள் நாற்பது மீட்டர் போய்த் திரும்பினேன். எட்டு மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே கார் கம்பெனி என் கார்டில் பணம் எடுத்திருந்தது. அது அபராதம்கூட இல்லை, என் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கான கூலி! வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் வைத்திருக்கிறது இத்தாலியச் சட்டம். ஊருக்குத் திரும்பியதும் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது.

வெனிஸுக்குள் கார் போகாது. எதிரே நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் நிறுத்திவிட்டு ரயிலேறுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம். தீவின் வாசலான திரோன்கெட்டோ பக்கம் தொப்பி வைத்துக்கொண்டு அதிகாரிபோல் கைகாட்டி நிறுத்தும் ஆட்களிடம் நிற்காதீர்கள், அவர்கள் படகுத் தரகர்கள்.

உங்கள் பணம் உண்மையில் போகக்கூடிய இடத்துக்கு வருகிறேன், டிராவல்ஸ்காரர் வாயே திறக்காத இடம். மியூனிக்கில் எடுத்த காரை வெனிஸில் விட்டால் வேறு நாட்டில் விட்டதற்கான ‘ஒன்-வே’ கட்டணம் பல நூறு யூரோ வரை போகும். நாலு பேரின் உணவுச் செலவே அதில் அடங்கிவிடும். நல்லவேளை, திரும்பும் டிக்கெட் இன்னும் போடவில்லை. மியூனிக்கிலிருந்தே போடுங்கள். வெனிஸில் இரண்டு இரவு தங்கி, வெரோனா, பிரென்னர் கணவாய் வழியாகக் காரிலேயே திரும்புங்கள். ஒரே பகலில் முடியும். காரை ஓட்டப்போகிறவர் பெயரில் கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், மனைவி கார்டு, டெபிட் கார்டு என்றால் பல கம்பெனிகள் சாவி தராமல் அனுப்பிவிடும்.

திரும்பும் வழியில் மட்டும் விக்னெட் கட்டாயம். பிரென்னர் எல்லைக்கு முன்னால் உள்ள பங்கில் வாங்கிவிடுங்கள், காரின் நம்பரைக் கையில் எழுதி வைத்திருங்கள். பிரென்னர் சாலைக்கு அது போக 12 யூரோ அளவில் தனி டோல் உண்டு, வில்லை வாங்கியவரிடமும் கேட்பார்கள், ஏமாற்று இல்லை. கடைசியாக, ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையுமிடத்தில் 2015-இலிருந்து போலீஸ் சோதனை நடக்கிறது, வரிசை நீளும். நால்வரின் பாஸ்போர்ட்டையும் டிக்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டாமல் முன்சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.