மகளின் முகத்தைத் தரகரிடம் கொடுக்காதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்: "கல்லூரியில் படிக்கும் என் மகள் மெய்நிகர் உலக விளையாட்டு ஒன்றில் இருக்கிறாள். நிஜ ஆள்தான், ஒரே கணக்குதான் என்று நிரூபிக்கச் சொல்லிக் கணக்கை நிறுத்திவிட்டார்கள். ஆதார், ஓடிபி, செல்ஃபி வீடியோ கொடுத்தால் 500 ரூபாய்க்கு முடித்துத் தருவதாக பிரவுசிங் சென்டர்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

வேண்டாம் ஐயா. மகளின் செல்போனிலேயே இதை முடித்துவிடலாம்.

ஒரே ஆள் நூறு கணக்கு நடத்துவதைத் தடுக்கத்தான் இந்தச் சோதனை. போன் எண்ணை நம்பிப் பயனில்லை; இங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் பெயரில் 9 சிம் வரை இருக்கலாம். அதனால்தான் தலையைத் திருப்பு, கண்ணைச் சிமிட்டு என்று கேமரா கேட்கிறது. பிறகு அந்த முகம் வேறு கணக்கில் இருக்கிறதா என்று தேடுகிறது.

தரகருக்கு வேண்டியதும் அந்த முகம்தான். அதை வைத்து அவர் முதலில் ஒரு கணக்கைத் திறந்து யாருக்காவது விற்றுவிட்டால், அப்புறம் உங்கள் மகளைத்தான் போலி என்று தள்ளுவார்கள்.

வேலூரில் ஒரு கடைக்குப் பிரிண்ட் எடுக்கப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில், வந்துபோனவர்களின் இ-ஆதார் (டவுன்லோடு செய்த ஆதார் கோப்பு) எல்லாம் அவரவர் பெயரிலேயே வரிசையாகக் கிடந்தன. அதன் பாஸ்வேர்டு ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். பெயர் கண்ணெதிரே இருக்கிறது. ஆண்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? இத்தனை கோடிப் பேரின் ஆவணத்துக்கு இப்படி ஒரு பூட்டா!

விளையாட்டு நிறுவனம் அடையாள அட்டை கேட்டால் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ போதுமா என்று முதலில் பாருங்கள். ஆதார்தான் என்றால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதாரின் அதிகாரபூர்வ இணையதளத்தில் எடுத்துக் கொடுங்கள். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு சிக்கல் வரும். அச்சாக ஒரே மாதிரி இருந்தால், இரண்டாவது பிள்ளையை முதல் பிள்ளையின் போலி என்று இயந்திரம் நிறுத்தலாம். கருவிழியும் கைரேகையும் இரட்டையருக்கும் வேறு வேறுதான். ஆனால் செல்போன் கேமரா பார்ப்பது முகத்தை மட்டும். அப்போது இருவரின் அடையாள அட்டையையும் சேர்த்து அனுப்பி, மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தானியங்கிப் பதில்தான் திரும்பத் திரும்ப வரும். எரிச்சலாக இருக்கும், விடாதீர்கள்.

ஏற்கெனவே ஓடிபி கொடுத்துவிட்டீர்களா? இன்றே ஆதாரின் அதிகாரபூர்வ செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவுகளை) பூட்டுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் என்று பாருங்கள். பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.