கார்ட்டூன் தொடர்களில் ஒளித்து வைக்கும் குறிப்புகளை யாராவது உண்மையிலேயே கவனிக்கிறார்களா?

நான் கவனிக்கிறேன். கணக்கு வாத்தியார், கவனிக்காமல் இருக்க முடியாது. நீங்களும் எதையோ கண்டுபிடித்துச் சொல்லி, "அதெல்லாம் தற்செயல்" என்று யாரோ வாயை அடைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஃபியூச்சராமா 1999-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர். அதில் ஸாப் பிரானிகன் என்ற கேப்டனின் நிம்பஸ் விண்கலத்தில் பிபி-1729 என்று எழுதியிருக்கும். அக்கா வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது ரிமோட்டை வாங்கி நிறுத்தி, "மாமா, இது நம்ம ராமானுஜன் நம்பர்" என்றேன். "எந்த நம்பரைப் போட்டாலும் உன்கிட்ட ஒரு கதை இருக்கும் மாப்ள" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

லண்டன் புட்னியில் நோயாளியாகப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729. சுவாரசியமில்லாத எண் என்றார் ஹார்டி. இல்லை, இரண்டு நேர் முழு எண்களின் கனங்களின் (ஓர் எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் வருவது அதன் கனம்) கூடுதலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் இதுதான் என்றார் ராமானுஜன். 1, 12 ஒரு ஜோடி. 9, 10 இன்னொன்று.

தற்செயலா? தொடரில் வரும் ரோபோ பெண்டரும் அவனை உரித்து வைத்த இன்னொரு ரோபோ ஃபிளெக்ஸோவும் தங்கள் வரிசை எண்களைச் சொல்லிச் சிரிக்கும் காட்சி ஒன்று உண்டு. ஃபிளெக்ஸோவுடையது 3370318, அதாவது 119-இன் கனம் இரண்டு முறை. பெண்டருடையது 2716057: 952-இன் கனத்தோடு மைனஸ் 951-இன் கனம். மைனஸ் செல்லாது என்று சண்டைக்கு வருபவர்கள் கவனிக்க: இரண்டுமே இரு கனங்களின் கூடுதல் என்று பெண்டரே அங்கே சொல்கிறான். தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான கென் கீலர் ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். தெரிந்தேதான் செய்கிறார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 22 தேசியக் கணித தினம். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் அன்று ராமானுஜன் படத்துக்கு மாலை, அவர் பட்ட வறுமையைப் பற்றிப் பேச்சுப் போட்டி. கணக்கு மட்டும் கிடையாது. 1729-ஐக் கரும்பலகையில் போட்டுக் காட்டப் பத்து நிமிடம் கேட்டேன்; நிகழ்ச்சி நீண்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். அமெரிக்கக் கார்ட்டூனில் அவருடைய எண்ணுக்கு இடம் இருக்கிறது, அவர் ஊர்ப் பிள்ளைகள் முன்னால் இல்லை. இன்னும் ஆறவில்லை.

சரி, உங்களுக்கு ஒன்று. இதே ஃபியூச்சராமாவின் பெண்டர்ஸ் பிக் ஸ்கோர் படத்தில் டாக்ஸி வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எண் 87539319. இது மூன்று விதமாகப் பிரியும். 167, 436 ஒரு ஜோடி. மற்ற இரண்டையும் போட்டுப் பாருங்கள்.